ரப்பர் விளையில் ஹெலிகோனியா: குமரி மேற்கில் ஒரு கொய்மலர்த் தோட்டம் குறித்த நிகழ்வு ஆய்வு

கன்னியாகுமரி மாவட்டத்தையும் பூவையும் சேர்த்துச் சொன்னால் தோவாளைச் சந்தைதான் நினைவுக்கு வரும். பிச்சி, அரளி, கேந்தி, வாடாமல்லி, சம்பங்கி என்று அங்கே குவிவதெல்லாம் உதிரிப்பூ. எடை போட்டு விற்கப்பட்டு, அன்றே தொடுக்கப்பட்டு, மறுநாள் வாடிவிடும் சரக்கு அது. நீண்ட காம்போடு வெட்டி, தண்டுக் கணக்கில் விற்று, தண்ணீர்ச் சாடியில் ஒரு வாரத்துக்கு மேல் நிற்க வேண்டிய கொய்மலர் முற்றிலும் வேறு தொழில். குமரியின் மண்டபங்களும் தேவாலயங்களும் அந்த வகைப் பூவுக்கு நெடுங்காலமாக ஓசூரையும் பெங்களூரையும்தான் நம்பியிருக்கின்றன. ரோஜாவும் ஜெர்பெராவும் குளிர்ந்த இரவை விரும்புகிறவை. குமரியின் மேற்குப் பகுதியில் அப்படிப்பட்ட இரவு கிடையாது. அதனால் இந்த ஈர மண்ணில் கொய்மலர் விளையாது என்ற முடிவுக்கு வியாபாரிகளும் விவசாயிகளும் எளிதாக வந்துவிட்டார்கள். குலசேகரத்தை அடுத்த ஒரு சிற்றூரில் அக்காவும் தம்பியும் சேர்ந்து நடத்தும் ஒன்றரை ஏக்கர் தோட்டம் அந்த முடிவைப் பாதி சரியென்றும் பாதி தவறென்றும் காட்டுகிறது. அவர்கள் கேட்டுக்கொண்டபடி பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன்.

நிலமும் தொடக்கமும்

2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் குமரி மாவட்டத்தின் ரப்பர், வாழை, தென்னைத் தோட்டங்களைச் சாய்த்துப் போட்டது. இந்தக் குடும்பத்தின் ரப்பர் விளையிலும் (தோட்டத்திலும்) பால் வெட்டிக்கொண்டிருந்த மரங்களில் பெரும்பகுதி விழுந்தது. மறுநடவு செய்த ரப்பர் கன்று பால் தர ஏறத்தாழ 7 ஆண்டுகள் ஆகும். அந்த இடைக்காலத்தில் வரிசைகளுக்கு நடுவே வாழையோ அன்னாசியோ போடுவதுதான் இந்தப் பக்கத்து வழக்கம். தம்பி வாழையைத்தான் யோசித்தார். தையல் வேலையோடு தேவாலயப் பீட அலங்காரத்துக்கும் உதவி வந்த அக்காவோ, அலங்காரக்காரர்கள் ஒவ்வொரு பூத்தண்டுக்கும் என்ன விலை கொடுக்கிறார்கள் என்பதை அருகிலிருந்து பார்த்தவர். பூ என்ற எண்ணம் அவருடையது.

இடம் சரளை கலந்த செம்மண் சரிவு. ஜூனில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழையும் அக்டோபரில் தொடங்கும் வடகிழக்குப் பருவமழையும் இங்கே இரண்டுமே உண்டு; ஏப்ரல், மே மாதங்களில் மாலை இடிமழையும் பெய்யும். காற்றில் ஈரம் குறைவது ஜனவரி முதல் மார்ச் வரை மட்டுமே. சரிவு என்பதால் வேரடியில் நீர் தேங்குவதில்லை. இந்த ஒரு வசதி இல்லாமல் போயிருந்தால் கீழே விவரிக்கும் பயிர்களில் பாதிகூட நின்றிருக்காது என்பது என் கணிப்பு.

முதலில் அவர்கள் கையில் எடுத்தது ஜெர்பெரா. சந்தையில் அதிகம் கேட்கப்படும் பூ அதுதான் என்பது காரணம். அதைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. செடியின் கழுத்துப் பகுதி மண்மட்டத்துக்கு மேலே உலர்வாக இருக்க வேண்டிய பயிர் அது. முதல் ஜூன் மழையிலேயே கழுத்தழுகல் தொடங்கியது. தப்பிப் பிழைத்த செடிகளும் வெப்பமான இரவுகளில் குட்டையான காம்பும் சிறிய பூவுமாகத்தான் கொடுத்தன. ஒரு பருவத்தோடு அதைக் கைவிட்டது சரியான முடிவு. மேலும் மருந்தடித்து, மேலும் ஒரு கூடாரம் போட்டு, விட்ட பணத்தை அதிலேயே தேடுகிறவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

ஹெலிகோனியா: ஈரத்தைத் தாங்குவதும் தாங்காததும்

அடுத்து வந்தது ஹெலிகோனியா. வாழைக்கும் இஞ்சிக்கும் உறவான செடி. நாம் பூ என்று ரசிக்கும் சிவப்பும் மஞ்சளும் உண்மையில் பூமடல்களே; உண்மைப் பூ அந்த மடலுக்குள் சிறிதாக ஒளிந்திருக்கும். கிழங்கு வைத்தால் மூடு (தூர்) பெருகும். ஒவ்வொரு தண்டும் வாழையைப் போலவே ஒரே ஒரு முறை பூத்து முடியும். பூத்த தண்டை அடியோடு வெட்டி எடுத்தால்தான் அடுத்த தளிருக்கு வெளிச்சமும் இடமும் கிடைக்கும். மழைக்காடுகளில் பிறந்த இச்செடிக்குக் குமரி மேற்கின் காற்று பிறந்த வீட்டுக் காற்று போன்றது.

ஆனால் ஹெலிகோனியா என்று ஒரே பெயரில் அழைக்கப்படுபவை எல்லாம் மழையில் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. இந்தத் தோட்டத்தின் அனுபவத்தில் எனக்கு மிகவும் பயனுள்ளதாகப் பட்டது இதுதான். அகன்ற மடல்கள் நிமிர்ந்து நிற்கும் வகைகளில் ஒவ்வொரு மடலும் மழைநீரைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. அந்த நீரில் உள்ளிருக்கும் சிறு பூக்கள் அழுகி நாற்றமெடுக்கும். கொசுப்புழுவும் எறும்பும் குடியேறும். மடலின் உட்புறம் கறுக்கும். தண்டு தோட்டத்தில் கம்பீரமாக நிற்கும். மண்டப மேசையில் வைத்தால் விருந்தினர் மூக்கைப் பொத்துவார்கள். தலைகீழாகத் தொங்கும் ரோஸ்ட்ராட்டா வகையில் நீர் தானாக வடிந்துவிடுவதால் இந்தச் சிக்கலே இல்லை. குறுகிய மடல்கொண்ட சிறு வகைகளிலும், குறிப்பாக ஆண்டு முழுவதும் பூக்கும் கோல்டன் டார்ச்சிலும், தேங்கும் நீர் குறைவு. எனவே பெரிய நிமிர்ந்த வகைகளைத் தோட்டத்தின் ஓரத்தில் சில மூடுகளோடு நிறுத்திக்கொண்டு, ரப்பர் வரிசைகளின் நடுவே கோல்டன் டார்ச்சையும் மேட்டுப் பகுதியில் ரோஸ்ட்ராட்டாவையும் பரப்பினார்கள். பெரிய வகை தேவைப்படும்போது வெட்டிய தண்டைத் தலைகீழாகக் கவிழ்த்து, மடல்களிலிருந்து பழைய பூக்களைக் கிள்ளி எடுத்து, கழுவிய பிறகே அனுப்புகிறார்கள். ஆள்கூலி கூடுவது இங்கேதான்.

வெட்டும் பக்குவமும் முக்கியம். வெட்டிய பிறகு ஹெலிகோனியாவின் மடல்கள் மேற்கொண்டு விரிவதில்லை. ரோஜாவை மொட்டாக வெட்டிப் பழகிய வியாபாரி மொட்டுப் பருவத்தில் கேட்பார். கொடுத்தால் அது அப்படியே மொட்டாக நின்று காயும். சிறு வகைகளில் இரண்டு மூன்று மடல்கள் விரிந்த பிறகு, விடிகாலையில், தண்டு நீரேறி இருக்கும்போது வெட்டி உடனே வாளியில் நிறுத்த வேண்டும். இச்செடியின் தண்டு வெட்டிய பின் நீரை மிகக் குறைவாகவே உறிஞ்சும் என்பதால், வெட்டும் நேரத்தில் அதில் இருக்கும் ஈரம்தான் அதன் ஆயுளைப் பெரிதும் முடிவு செய்கிறது.

இன்னொரு எச்சரிக்கை கிழங்கைப் பற்றியது. வேரைத் துளைக்கும் நூற்புழு வாழை, மிளகு, இஞ்சி, ஹெலிகோனியா ஆகிய எல்லாவற்றிலும் வாழக்கூடியது. வாழை நின்ற நிலத்தில் கிழங்கை அப்படியே புதைப்பதும், அடையாளம் தெரியாத இடத்திலிருந்து வந்த கிழங்கை மிளகுக்கொடியின் அடியில் நடுவதும் ஆபத்தானவை. இவர்கள் வாங்கிய கிழங்குகளில் கறுத்த வேர்களைச் சீவி எறிந்துவிட்டு, வெந்நீரில் நனைத்தெடுத்து, தனிப் பாத்தியில் ஒரு பருவம் வளர்த்துப் பார்த்த பிறகே விளைக்குள் கொண்டுவந்தார்கள். இப்போதும் புதிய வகை வந்தால் இதே நடைமுறைதான்.

ஆந்தூரியமும் ரப்பர் நிழலும்

ஆந்தூரியம் 70 முதல் 80 விழுக்காடு நிழலை விரும்பும் செடி. ரப்பர் வளர்ந்தால் நிழல் இலவசமாகக் கிடைக்கும், நிழல்வலைச் செலவு மிச்சம் என்று தோன்றுவது இயல்பே. பக்கத்து ஊரில் அப்படி ஒருவர் முதிர்ந்த ரப்பருக்கு அடியில் தொட்டிகளை வரிசையாக வைத்ததை இவர்கள் பார்த்திருந்தார்கள். ஆனால் ரப்பர் டிசம்பர் இறுதி தொடங்கி இலை முழுவதையும் உதிர்க்கும் மரம். காற்றின் ஈரம் குறையும் அதே வாரங்களில் மேலே கூரையும் இல்லாமல் போக, ஆந்தூரிய இலைகளும் மடல்களும் வெளுத்துக் கருகும். பருவமழைக் காலத்திலும் ரப்பர் நல்ல அண்டைவீட்டுக்காரர் அல்ல. பைட்டோப்தோரா என்ற, பூஞ்சை போன்ற நுண்ணுயிரி இனத்தால் ரப்பர் இலைகள் ஜூன், ஜூலையில் அழுகி உதிரும். இந்த இனத்தைச் சேர்ந்த ஒன்றுதான் ஆர்க்கிட் செடிகளிலும் கரும் அழுகலை உண்டாக்குகிறது. அதைத் தடுக்க ரப்பருக்குத் தெளிக்கும் செம்பு மருந்தின் சாரல் ஆந்தூரியத்தின் மேல் பட்டால் மடல் கறைபடும். எனவே விளையை விட்டு விலகி, வீட்டை ஒட்டிய 10 சென்ட் இடத்தில் தனி நிழல்வலைக் குடிலில் ஆந்தூரியம் வைக்கப்பட்டது.

வேர் ஊன்றும் ஊடகத்துக்குக் குமரியில் பஞ்சமில்லை. கதம்பை எனப்படும் தேங்காய் மட்டைத் துண்டும் சிரட்டைக்கரியும் உடைந்த செங்கல்லும் போதும். கதம்பையைச் சில நாள்கள் ஊறவைத்து, கறைநீரைப் பலமுறை மாற்றிய பிறகே பயன்படுத்த வேண்டும் என்பதில் அக்கா மிகவும் கண்டிப்பு. செடி இலைக்கு ஒரு பூ என்ற கணக்கில் பூக்கும். பூமடலின் நடுவே நிற்கும் தண்டில் கீழிருந்து முக்கால் பங்கு நிறம் மாறிய பிறகு வெட்டினால் சாடியில் இரண்டு வாரத்துக்கு மேலும் நிற்கும். சந்தையும் நன்றாகவே இருந்தது. முதல் இரண்டு ஆண்டுகளில் வருமானத்தில் பெரும்பங்கு ஆந்தூரியம்தான்.

பிறகு வந்தது பாக்டீரியா கருகல். இலை விளிம்பில் நீர்கோத்த சிறு புள்ளிகள், அவற்றைச் சுற்றி மஞ்சள் வளையம், பின்பு காம்பு வழியாகச் செடி முழுவதும் பரவி அடியோடு சாய்வது என்ற வரிசையில் இந்நோய் நடக்கும். 1980களில் ஹவாய்த் தீவுகளின் ஆந்தூரியத் தொழிலையே நிலைகுலையச் செய்த நோய் இதுதான். விளிம்பு நுண்துளைகளில் காலையில் துளிர்க்கும் நீர்த்துளியே கிருமிக்கு வாசல். காற்றில் ஈரம் மிகுந்த இடத்தில் அந்தத் துளி நெடுநேரம் உலராது. நோய் வந்த செடியைக் காப்பாற்ற மருந்து இல்லை. குடிலில் பரவியதற்கு மழையைவிடக் கத்திதான் காரணம் என்று நான் கருதுகிறேன். ஒரே கத்தியால் வரிசை முழுவதும் பூ வெட்டியதும், வலை வழியே விழுந்த மழை ஒரு செடியின் மேலிருந்து மறு செடிக்குத் தெறித்ததும் சேர்ந்து வேலையை முடித்தன. அம்மோனியம் மிகுந்த உரம் கொடுத்து இலைகளைப் பச்சைப் பசேலென்று வைத்திருந்ததும் செடியை நோய்க்கு மேலும் இளகச் செய்திருக்கும்.

பாதிக்கப்பட்டவற்றை எரித்த பிறகு மூன்று மாற்றங்கள் வந்தன. வலைக்கு மேல் பாலித்தீன் கூரை போட்டு மழை நேரடியாக விழாமல் தடுத்தார்கள்; தெளிப்பு நீரை நிறுத்தி வேரடியில் மட்டும் சொட்டு நீர் விட்டார்கள்; கிருமிநாசினியில் நனைத்த இரண்டு கத்திகளைச் செடிக்குச் செடி மாற்றிப் பயன்படுத்தினார்கள். செடிகளின் எண்ணிக்கையும் குறைக்கப்பட்டது. நன்றாக விற்ற பயிரை நோய்க்குப் பிறகு மீண்டும் பழைய அளவுக்குக் கொண்டுபோகாமல் நிறுத்தியதை ஊரில் பலர் தோல்வி என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

ஆர்க்கிட்டும் மட்டிக்குலையும்

டென்ட்ரோபியம் ஆர்க்கிட், அதிலும் சோனியா வகை, கேரளத்தில் வெகுவாகப் பரவிய கொய்மலர். இதே குடிலில் கம்பி மேசைகளின் மேல் வளர்க்கிறார்கள். மாலையில் நீர் விட்டால் இலைக்குருத்தில் தேங்கி இரவெல்லாம் நின்று அழுகலைக் கொண்டுவரும் என்பதால் காலையில் மட்டுமே நீர். மழைக்காலத்தில் அதுவும் தேவைப்பட்டால்தான். நத்தையை இரவில் விளக்கோடு பொறுக்க வேண்டியிருக்கிறது. மார்ச் வறட்சியில் இலைப்பேன் பூவிதழைச் சுரண்டும். இவையெல்லாம் சமாளிக்கக்கூடியவை.

சமாளிக்க முடியாமல் போனது போக்குவரத்தில் நடந்தது. திருவனந்தபுரத்துக்குப் பூ அனுப்பத் தனி வண்டி கட்டுப்படியாகாது. ஊரிலிருந்து தினமும் களியக்காவிளை வழியாகப் போகும் வாழைக்குலை வண்டியில், ஓரத்தில் பெட்டியை வைத்து அனுப்பினார்கள். போய்ச் சேரும்போது பூக்கள் சுருங்கி, மொட்டுகள் உதிர்ந்து கிடந்தன. வாங்கியவர் தரமில்லை என்றார். இவர்கள் அவரைச் சந்தேகித்தார்கள். உண்மையில் குற்றவாளி பழுக்கத் தொடங்கிய மட்டி வாழைக்குலை. பழம் வெளிவிடும் எத்திலீன் வாயுவுக்கு ஆர்க்கிட் மிகவும் பயந்த பூ. மூடிய வண்டிக்குள் பழத்தோடு சில மணி நேரம் இருந்தாலே அது முதிர்ந்து உதிரத் தொடங்கிவிடும். ஹெலிகோனியா அதே வண்டியில் பல முறை போயும் ஒன்றும் ஆகவில்லை என்பதுதான் எல்லாரையும் குழப்பியது. அதற்கு எத்திலீன் அவ்வளவாக ஒரு பொருட்டல்ல.

நாகர்கோவில் பக்கத்தில் நடந்தது வேறு. அங்கே ஒரு மொத்த வியாபாரி தன் குளிர் அறையை ரோஜாவுக்கு ஏற்றபடி 4 டிகிரிக்கும் கீழே வைத்திருந்தார். நல்லெண்ணத்தோடுதான் இவர்களுடைய பூவையும் அதில் வைத்தார். மறுநாள் ஹெலிகோனியா மடல்கள் கறுத்தும் ஆந்தூரியம் நீலம் பாய்ந்தும் வெளியே வந்தன. வெப்பமண்டலப் பூக்களை 12, 13 டிகிரிக்குக் கீழே கொண்டுபோகவே கூடாது. நிழலான, காற்றோட்டமுள்ள அறையும் ஈரத் துணியும் போதும். இப்போது ஒவ்வொரு பெட்டியின் மேலும் “குளிரில் வைக்காதீர்கள், பழத்தோடு வைக்காதீர்கள்” என்று தமிழிலும் மலையாளத்திலும் எழுதி ஒட்டுகிறார்கள்.

பூவின் நாள்காட்டியும் மக்களின் நாள்காட்டியும்

ஓணம்தான் பெரிய விற்பனைக் காலமாக இருக்கும் என்று தொடக்கத்தில் எதிர்பார்த்தார்கள். அத்தப்பூக் கோலத்துக்கு வேண்டியது உதிர்த்த இதழ். அந்தப் பணம் தோவாளைக்குப் போகிறது. கொய்மலருக்கான தேவை ஓணத்தை ஒட்டித் தொடங்கும் சிங்ஙமாத (ஆவணி) திருமணங்களில்தான் இருக்கிறது. அதற்கு முந்தைய கர்க்கடகம், தமிழில் ஆடி, இரு மாநிலத்து இந்துக்களுக்கும் மணநாள் இல்லாத மாதம். கோல்டன் டார்ச் மிகுதியாகத் தண்டு தள்ளுவதோ சரியாக அந்த மழை வாரங்களில். மார்கழியிலும் இதே கதை.

இந்தப் பள்ளத்தைக் குமரி மேற்கின் கலந்த மக்கள்தொகை ஓரளவு நிரப்புகிறது. ஆடியிலும், கிறிஸ்துமஸை அடுத்த வாரங்களிலும் கிறிஸ்தவத் திருமணங்கள் நடக்கின்றன. வளைகுடாவிலிருந்து விடுமுறையில் வருகிறவர்கள் அந்த நாள்களைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். கிறிஸ்தவர்களுடைய இடைவெளி ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம். அப்போது கத்தோலிக்கத் தேவாலயங்களில் பீடத்தை மலரால் அலங்கரிப்பதும் திருமணமும் பெரும்பாலும் தவிர்க்கப்படும். மாசி, பங்குனியின் கோயில் விழாக்கள் அந்த நாள்களில் கைகொடுத்தாலும் அங்கே கேட்பது மாலைக்கான பூ. ஆகவே மார்ச் மாதத்தில் பழைய மூடுகளைப் பிரித்து நடுவது, கதம்பையை மாற்றுவது, கூரையைச் சரிசெய்வது என்று வேலையை வகுத்துக்கொண்டார்கள். எந்த மாதத்தில் தண்டு வேண்டும் என்று பார்த்து, அதற்கேற்ப எந்தப் பாத்தியில் பழைய தண்டுகளை எப்போது கழிப்பது என்று முடிவு செய்யும் பழக்கம் மெல்ல வந்தது. பூ விளைவிப்பதில் தேர்ந்த பலர் இந்தக் கணக்கில் சறுக்குவதை வேறு இடங்களிலும் கண்டிருக்கிறேன்.

இலைதான் கடையைத் தாங்குகிறது

மார்த்தாண்டத்து அலங்காரக்காரர் ஒருவர் அக்காவிடம் சொன்னது இது: “அக்கா, பூ ரெண்டு குறைஞ்சாலும் சமாளிச்சிரலாம், இலை இல்லாம ஸ்டேஜ் நிக்காது.” அதன் பிறகே கார்டிலைன், டிரசீனா, மான்ஸ்டெரா, பாலிசியாஸ் ஆகியவற்றை அவர்கள் தீவிரமாகப் பெருக்கினார்கள். இலைக்குத் தண்டு ஒன்றின் விலை பூவைவிடக் குறைவு. ஆனால் அது மழையில் கெடுவதில்லை. வெட்டும் நாளைத் தள்ளிப்போட்டாலும் செடியிலேயே நிற்கும். பூ குறைந்த வாரத்திலும் வாடிக்கையாளர் வந்துபோக ஒரு காரணமாகிறது. நடவுப் பொருள் வெட்டிய கிளையிலிருந்தே கிடைத்துவிடும். செலவையும் ஆபத்தையும் கழித்துப் பார்த்தால் இத்தோட்டத்தின் உறுதியான வருமானம் இலையிலிருந்தும் கோல்டன் டார்ச்சிலிருந்தும்தான் வருகிறது. ஆந்தூரியமும் ஆர்க்கிட்டும் தோட்டத்துக்குப் பெயர் வாங்கித் தருகின்றன. அவற்றைப் பார்க்க வருகிறவர்கள் இலையையும் வாங்கிப் போகிறார்கள். வெப்ப ஈரப் பகுதியில் கொய்மலர் தொடங்க நினைப்பவர் நிழல்வலைக் குடிலுக்குக் கடன் கேட்பதற்கு முன்னால் வேலியோரத்தில் கார்டிலைன் நடுவது நல்லது என்று நான் சொல்வேன். மானியம் கிடைப்பதால் குடிலிலிருந்து தொடங்குகிறவர்கள் இந்த வரிசையைத் தலைகீழாக்கிவிடுகிறார்கள்.

இதற்கிடையே ரப்பர் வளர்ந்துவிட்டது. கிளைகள் கூடி, நடுவரிசைகளில் வெளிச்சம் குறைய, நல்ல வெயில் கேட்கும் கோல்டன் டார்ச் இலையை மட்டும் நீட்டிக்கொண்டு பூவைக் குறைத்திருக்கிறது. அந்த வரிசைகளுக்கு அரை நிழலைப் பொறுக்கும் செவ்விஞ்சி என்ற அலங்கார இஞ்சியையும் மான்ஸ்டெராவையும் மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். கோல்டன் டார்ச் மூடுகளைப் பிரித்து, விளையின் தெற்கு விளிம்பில் புயலுக்குப் பின் ரப்பர் நடாமல் விட்ட துண்டு நிலத்துக்குக் கொண்டுபோகும் வேலை வருகிற மார்ச்சில் நடக்கும். அங்கே ரப்பரையும் நட்டுவிடலாம் என்று தம்பி இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்; பால் விலையைப் பார்த்துவிட்டுப் பேசலாம் என்று அக்கா அதைத் தள்ளிவைத்திருக்கிறார்.